காட்டுக்குப் போகும் தேதி

எங்கள் தெருவில் ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிந்ததும், வேன் டூர் கிளம்பும். வேன் எதிர்வீட்டுக்காரருடையது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் அவருடைய அப்பா நெல் விளைவித்த நிலத்தை அவர் மனைகளாகப் பிரித்து விற்றார்; மாடிவீடு கட்டினார்; வேன் வாங்கினார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் மனை வாங்கியவர்கள். அதனால் டூர் எங்கே என்று எல்லோரும் பேசுவார்கள், அவர் முடிவு செய்வார். வயது வித்தியாசம் பார்க்காமல் தெருவே அவரை அண்ணா என்றது. என் அப்பாவும்தான்.

பள்ளிக்கூட நாட்களிலிருந்து நான் அந்த டூர்களில் போயிருக்கிறேன். திருப்பதி, பழனி, கொடைக்கானல், குற்றாலம். என்ன பார்த்தோம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். என்ன நாற்றம் அடித்தது என்று கேட்டால் உடனே சொல்வேன். ஜன்னல் மூடிய வேனில் புளித்துப்போன புளிசாதம், முன்கண்ணாடி அருகே சாமி படத்தில் வாடிய மல்லிகைச் சரம், பின் சீட்டில் ஆண்கள் துண்டில் சுற்றி வைத்திருந்த பாட்டில், காயாத உள்ளாடைகள். இவற்றுக்கெல்லாம் மேலே, வாந்தி.

மலை ஏறத் தொடங்கியதும் பெண்கள் வாந்தி எடுப்பார்கள். சில வருடங்களில் மலை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. செங்கல்பட்டு தாண்டியதுமே முன் சீட்டிலிருந்து ஒரு தொண்டை குமுறும். ஆளுக்கொரு பாலிதீன் பை, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். நிரம்பிய பையை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக எறிவார்கள். பின் சீட்டிலிருந்து, “லேடீஸ் ஸ்பெஷல் ஆரம்பிச்சிடுச்சிபா” என்று ஒரு குரல் வரும், சிரிப்பு வரும். கொடைக்கானல் போகும் வழியில் அம்மாவின் பை மடியிலேயே பிய்ந்துவிட்டது. அப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “உங்கம்மாவுக்கு வண்டியே ஒத்துக்காது. பேசாம வீட்லயே இருந்திருக்கலாம்” என்றார். என்னிடம் சொல்வது போல எல்லோருக்கும் சொன்னார். அம்மா புடவையைத் துடைத்துக்கொண்டே பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அம்மா மேல்தான் அருவருப்பு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் செய்வார்கள். எனக்குச் சோதனைப் பிரிவு. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சிலவற்றை எடுத்து மின்சாரம் கொடுத்து, எவ்வளவு முனகுகிறது என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க முனகல். வெளியே வந்தால் லாரி. வீட்டுக்கு வந்தால் விமானப்படைத் தளத்து விமானங்கள், அதற்குக் கீழே எதிர்வீட்டு டேப் ரெக்கார்டர். அந்தச் சமயத்தில்தான் ஒரு வார இதழில் சைலன்ட் வேலியைப் பற்றிப் படித்தேன். பாலக்காட்டிலிருந்து மேற்கே போய், மண்ணார்க்காடு வழியாக மலை ஏற வேண்டும். அணை கட்டவிருந்த இடம்; கட்டக் கூடாது என்று பலர் வாதாடி, பிறகு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மழைக்காடு. அங்கே சில்வண்டுகூடக் கத்தாது என்று எழுதியிருந்தது. உண்மையா என்று தெரியாது. போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டுப் பார்ப்பதுதானே என் வேலை.

தனியாகப் போக முடியாது. வீட்டில் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணம் முடிந்தால் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை இன்னொரு வீடு முடிவு செய்யும். இந்த ஒரு கோடைதான் கையில் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். “தனியாவா? சான்ஸே இல்ல. தெருவோட வேன்ல போறதா இருந்தா போ” என்றார். அது சம்மதம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன். வனத்துறை அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்குவது, எத்தனை பேர் என்று கேட்பது, மழை தொடங்குவதற்கு முன் ஒரு தேதி பிடிப்பது, கடைசியாக அண்ணாவைச் சம்மதிக்க வைப்பது. முதல் மூன்றும் தபாலில் முடிந்தன. அனுமதி என் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட தேதிக்கு வந்தது. கூடவே விதிமுறைகள். வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும், சமைக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, மது கூடாது, குப்பை போடக் கூடாது. படித்தபோது ஒவ்வொரு வரியும் எங்கள் வேனைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

அண்ணா வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து டூர் பேசுவது வழக்கம். ஆண்கள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பெண்கள் படிக்கட்டுப் பக்கம். என்னோடு சோதனைப் பிரிவில் பக்கத்து மேசையில் வேலை செய்பவள் என் தோழி. பக்கத்துத் தெருவில், தேவாலயத்துக்கு எதிர்வீடு; கிறிஸ்தவக் குடும்பம். பள்ளி நாட்களிலிருந்தே எங்கள் டூர்களுக்கு வருபவள். இந்த முறையும் வருவதாகச் சொல்லி என்னோடு வந்திருந்தாள். நான் எழுந்து காட்டைப் பற்றிச் சொன்னேன்.

“இன்னா கீது அங்க?” என்றார் அண்ணா.

“மரம்ண்ணா.”

“மரம் இங்க இல்லியா?”

“அங்க சத்தமே இருக்காதாம்.”

“சத்தம் இல்லாத எடத்துக்கு எதுக்குமா வேன்ல போவணும்? நம்ம தெரு கடைசில சுடுகாடு கீது. நடந்தே கூட்டிகினு போறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். அண்ணா கெட்டவர் இல்லை. சிரித்து முடித்ததும் கேள்விகள் கேட்டார். அருவி உண்டா, குளிக்கலாமா, அடுப்பு மூட்ட இடம் உண்டா, ஆட்டுக்கறியை இங்கிருந்தே ஐஸ் போட்டு எடுத்துப் போகலாமா. நான் விதிமுறைகளை வாசித்தேன். “அப்ப இன்னாதான் பண்றது? சும்மா பாத்துகினே நடக்கறதா?” என்றார். ஆமாம் என்றேன். பாம்பு இருக்குமா என்று ஒரு பெண் கேட்டார். பாம்பு கண்ணில் படாது, அட்டைகள் உண்டு, காலில் ஏறி ரத்தம் குடிக்கும், உப்பைத் தடவினால் விழுந்துவிடும் என்றேன். பெண்கள் புடவையைக் கணுக்காலுக்கு இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் அண்ணாவின் மனைவிதான் வழி சொன்னார். மகள் வயிற்றுப் பேரனுக்குக் குருவாயூரில் சோறூட்டுவதாக அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அதே பக்கம்தானே, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே காட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்றார். கோயில் இல்லாமல் ஒரு டூரா என்று கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். என் அனுமதித் தேதியை வைத்து முன்னும் பின்னும் கணக்கிட்டு நாள் குறித்தோம். அன்று மாடிப்படி இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அட்டைக்குப் புகையிலையா உப்பா எது நல்லது என்று தோழியோடு விவாதித்துக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் தெருக் குழாயடியில் அண்ணாவின் மனைவி என் குடத்தைப் பிடித்து நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உனுக்குத் தேதி எப்போ?”

“எந்தத் தேதிக்கா?”

“அதான்மா. தூரம்.”

சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். “டூர்ல வுழுது” என்றார். பிறகு, கவலைப்படாதே, உங்கள் அம்மாவிடம் சொல்கிறேன், மாத்திரை இருக்கிறது என்றார். தெருவில் எந்தப் பெண்ணுக்கு எப்போது, யாருக்குத் தள்ளிப் போகும், யாருக்கு நின்றுவிட்டது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொரு டூருக்கும் முன்னால் அவர் இப்படிக் குழாயடியில் நின்று கேட்டிருக்கிறார். அதுவரைக்கும் என்னுடைய நாட்களை அம்மாவிடமே கேட்டுக்கொண்டார்; அவை டூருக்கு முன்போ பின்போ விழுந்ததால் என்னிடம் வரவில்லை. ஒரே ஒரு முறை, பள்ளியில் படிக்கும்போது, என்னை ஊரப்பாக்கத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பரீட்சையெல்லாம் முடிந்திருந்த நேரம் அது.

இரண்டு நாள் கழித்து ஃபிரிட்ஜின் மேல் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு அட்டை மாத்திரை. ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. “நாளைலேர்ந்து போடணும். மறக்காதே. நடுவுல ஒண்ணு விட்டாலும் வந்துடும்” என்றாள் அம்மா, ஊறுகாய் பக்குவம் சொல்லும் குரலில்.

எங்கள் தொழிற்சாலையில் எந்தப் பாகம் வந்தாலும் கூட வரும் தாளைப் படிக்காமல் பயன்படுத்த மாட்டோம். மாத்திரை அட்டையில் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய மருந்துக்கடைக்குப் போய், இந்த மாத்திரைப் பெட்டியில் ஒரு மடித்த தாள் இருக்குமே, அது வேண்டும் என்றேன். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்றார் கடைக்காரர். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்க சாரோட பொண்ணுதானே? சார் எப்பவும் வாங்கறதுதாம்மா இது. சம்மருக்கு, புரட்டாசிக்கு, மார்கழிக்கு. ஒண்ணும் பயமில்ல. சில பேருக்கு வாந்தி வரும், தலை வலிக்கும், அவ்ளோதான். சாருக்கே சொல்லியிருக்கேனே.”

ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் ஓரமாக நின்று தாளைப் படித்தேன். குமட்டல், வாந்தி, தலைவலி, வயிறு உப்புதல். கடைக்காரர் சொன்னது சரிதான். அங்கேயே நின்று கொடைக்கானல் வேனை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டியில் சில பழுதாகவும் சில நல்லதாகவும் இருந்தால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடுவோம், அதே மாதிரி. யார் வாந்தி எடுக்கவில்லை? நான் எடுக்கவில்லை. என் தோழி எடுக்கவில்லை. கோயிலுக்குள் வரப்போவதில்லை என்பதால் அவளிடம் யாரும் தேதி கேட்கவில்லை. வயதுக்கு வராத பெண்பிள்ளைகள் எடுக்கவில்லை. அண்ணாவின் அக்கா, எல்லாம் நின்று பல வருடமானவர், முதல் சீட்டில் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் முறுக்கு தின்றுகொண்டு வந்தார். வளைவுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் செங்கல்பட்டில் என்ன வளைவு இருக்கிறது?

தாள் எனக்கு அவ்வளவு வெறுப்பைத் தரவில்லை. “சாருக்கே சொல்லியிருக்கேனே” என்பதுதான் தந்தது. அப்பாவுக்குத் தெரியும். அவரே வாங்கி, அவரே செய்தித்தாளில் சுற்றி, வாய் திறக்காமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, பிறகு வேனில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வண்டி ஒத்துக்காது என்று சொல்லியிருக்கிறார். பின் சீட்டில் சிரித்தவர்களும் அவரவர் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள்தான். அன்று இரவு அப்பா எதிரில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்தார். விரல்களுக்கிடையில் சோறு பிதுங்கி வந்தது. எனக்குக் குமட்டியது. நான் மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை.

மறுநாளும் நான் போடவில்லை. அம்மா போட்டுக்கொண்டிருந்தாள். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசிப் பேச்சுக்காக மாடியில் கூடினோம். யாருக்கு எந்தச் சீட்டு, எத்தனை மணிக்கு, யார் என்ன சாப்பாடு கொண்டுவருவது என்று போய்க்கொண்டிருந்தது. அண்ணா இடையில் தன் மனைவியைப் பார்த்து, “லேடீஸ் மேட்டரு எல்லாம் கிளியரா?” என்றார். ஆண்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வானத்தில் விமானம் தேடினார்கள். அவர் மனைவி ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து, ஒவ்வொருவரும் தலையசைக்க, என்னிடம் வந்து நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. நெருங்கி வந்து, போட்டாயா என்று காதில் கேட்டார்.

நான் குழாயடிக் குரலில் பதில் சொல்லவில்லை. தொழிற்சாலையில் சோதனை முடிவைச் சொல்வது போல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“நான் மாத்திரை போடலக்கா. எனக்கு வெள்ளிக்கிழமை வாக்குல பீரியட்ஸ் வரும். கோயிலுக்குள்ள நான் வரல, வெளியில இருக்கேன். காட்டுக்கு வர்றேன்.”

அப்பா செருப்பைத் தேடினார்.

“இன்னாமா இது, ஆம்பளைங்க கீற எடத்துல” என்றார் அண்ணா. அவருக்குக் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். துண்டை எடுத்து முகம் துடைத்தார். “கோயிலுக்கு வெளிய இருக்கேன்னா ஆச்சா? வண்டியில வரணுமே. வண்டியில சாமி படம் கீது. வேண்டுதலுக்குப் போற வண்டிமா. வண்டியே கோயில் மாதிரி.”

என் தோழி படிக்கட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். “கோயில் மாதிரி வண்டியிலயாண்ணா போன வருஷம் பாட்டிலு வெச்சிகினு வந்தீங்க?” என்றாள்.

“அது பின்னாடி சீட்டுமா.”

“அப்ப இவளும் பின்னாடி சீட்டுல வரட்டும்.”

ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தார். அண்ணாவின் மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தோழி விடவில்லை. “காட்டுல அட்டை எல்லாரு ரத்தத்தையும்தான் குடிக்கப் போவுது. அத இன்னா பண்ணுவீங்க, தீட்டு அட்டைன்னு தனியா ஒதுக்கி வெப்பீங்களா?”

அதற்குப் பிறகு பேச்சு கலைந்தது. அப்பா மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அண்ணா கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்துவிட்டு முடிவைச் சொன்னார். காடு வேண்டாம். குருவாயூர் போய்விட்டு, மலம்புழாவில் அணைக்கட்டுப் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அங்கே ரோப் கார் இருக்கிறது, சமைக்கவும் இடம் இருக்கிறது. பின் சீட்டு ஆண்களின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சும்மா பார்த்துக்கொண்டே நடப்பதிலிருந்து அவர்களைக் காப்பாற்றியவள் நான்தான். மழைக்காட்டை விட்டுவிட்டு அணைக்கட்டு. அந்தப் பொருத்தத்தை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, தெருவுக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்றாள். அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குமட்டல் என்றேன். வாந்தி என்றேன். உனக்கு வண்டி ஒத்துக்கொள்ளும், மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். புதிதாக எதையோ கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் போல நின்றேன்.

“தெரியும்” என்றாள் அம்மா.

“எப்போலேர்ந்து?”

“முதல் தடவையே தெரியும். போடாத அன்னிக்கு பஸ்ல நல்லாத்தானே போறேன், வர்றேன்.”

“அப்புறம் ஏம்மா போடறே?”

களைந்த தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள். “போடலன்னா விட்டுட்டுப் போயிடுவாங்க. வருஷத்துல ஒரு தடவைதான் நான் ஊரைத் தாண்டறேன்.”

கொடைக்கானல் வழியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட என் கழுத்து ஞாபகம் வந்தது. அம்மா பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்து அந்த வேளை மாத்திரையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள்.

வேன் நான் இல்லாமல் கிளம்பியது. அம்மா ஜன்னல் ஓரத்தில் பாலிதீன் பையும் எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் தோழி எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். நாங்கள் காட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் பஸ் பிடித்துக் கோவளம் போனோம். மீன் ஏலம் போடும் இடத்தில் செதிலும் குடலும் மிதித்து நடந்தபோதுகூட நான் முகம் சுளிக்கவில்லை. மீனாவது மீனைப் போல நாறியது.

திரும்பி வந்த அன்று காலையில் வேன் அண்ணா வீட்டு வாசலில் நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். பேரனுக்குச் சந்தனப் பொட்டு. அம்மா கடைசியாக இறங்கினாள், பின் சீட்டிலிருந்து. அவள் எழுந்த இடத்தில் செய்தித்தாள்கள் பரப்பியிருந்தன. யாரையும் தொட்டுவிடாமல் புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்து வீட்டுக்குள் வந்தாள். அப்பா பைகளை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால், நாலடி தள்ளி வந்தார். எதிரில் அண்ணாவின் மனைவி அந்தச் சீட்டைக் கழற்றித் தெருவில் போட்டு, எல்லோரும் பார்க்க, மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தார். தண்ணீர் எங்கள் வாசல் வரைக்கும் ஓடி வந்தது.

என்ன நடந்தது என்று அம்மா குளித்துவிட்டுப் படுத்த பிறகு சொன்னாள். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. இருந்தும் பாலக்காட்டில் லாட்ஜுக்கு வந்த இரவே வந்துவிட்டது. வயது ஆக ஆக அவளுக்கு நாட்கள் முன்னும் பின்னுமாகத்தான் இருந்தன. மறுநாள் எல்லோரும் குருவாயூர் போனார்கள். அம்மாவை அறையில் விட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பாத்ரூம் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்கள். ஒரு வாளி இருந்தது, அவ்வளவுதான் என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

“ஜன்னல்ல ஒரு மலை தெரிஞ்சுது. மேல மேகம் நின்னுது” என்றாள் பிறகு. “உன் காடு அதுதானான்னு யாரையாவது கேக்கலாம்னு பாத்தேன். தாழ்வாரத்துல ஆள் நடக்கற சத்தம் கேட்டுது. பூட்டின கதவுக்குள்ளேர்ந்து எப்படிக் கேக்கறது, என்ன நினைப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

அதன் பிறகு வாரக்கணக்கில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. தாம்பரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எத்தனை வருடமாக இந்த மாத்திரை என்று அவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். அப்பா வெளியே வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். மாடியில் பேசிய நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மாவிடம் கேளுங்கள் என்றேன். கேட்டதாகத் தெரியவில்லை.

அம்மா தேறி வர ஆடி முடிந்துவிட்டது. தேறிய பிறகு அவ்வப்போது, ஏதோ வேலைக்கு நடுவில், காட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். தங்கும் இடத்தில் பாத்ரூம் உள்ளே இருக்குமா. மழை விட்டபிறகு திறப்பார்களா. நான் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை வனத்துறைக்கு எழுதிக் கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். “நானும் இவளும் அந்தக் காட்டுக்குப் போறோம். ரயில்ல.”

அப்பா கையை நிறுத்தினார். “எப்போ?”

“இவளுக்கு எப்போ லீவு கிடைக்குதோ அப்போ.”

“அது சரி. ஆனா தேதி…” என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

“தேதியெல்லாம் பாக்கல” என்றாள் அம்மா. “கோயிலுக்கா போறோம்?”

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அந்தத் தட்டை அம்மா எடுக்கவில்லை. என்னையும் எடுக்க விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் சோறு காய்ந்து, ஓரத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. விளக்கு ஏற்றும் நேரத்தில் அப்பா எழுந்து வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, இரண்டு விரலால் தட்டைத் தூக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்.

மறுநாள் தொழிற்சாலையில் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.